மூன்று மணிப் பஞ்சாயத்து

என் முதல் வேலை என்னவென்று எங்கள் கிழக்குத் தாம்பரம் தெருவில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அம்மாவுக்கும்தான். பள்ளிக்கூட டீச்சரான அவள், சர்ச் வாசலில் விசாரித்தவர்களுக்கெல்லாம் "கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கறா" என்று சொல்லிவைத்திருந்தாள். கேட்டவர்கள் என்னை ஏதோ ஞாயிறு பள்ளி வாத்தியாரம்மாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் திருத்தவில்லை. இப்போது யோசித்தால் அம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, மெயில் பெட்டிக்கு வரும் குப்பையையும் ஏமாற்றுக் கடிதங்களையும் தானாகவே கண்டுபிடித்து ஒதுக்குகிற மென்பொருள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு உதாரணங்கள் வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும். மனிதர்கள் ஒவ்வொரு மெயிலாகப் படித்து இது நல்லது, இது குப்பை, இது மோசடி என்று குறித்துக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். அந்த மனிதர்கள் நாங்கள். கேளம்பாக்கம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில், பதினாறு பேர்.

இரண்டாயிரங்களின் நடுவில் அது. பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்துகிறேன் என்று கொத்திப் போட்டிருந்தார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறினால் வண்டலூரில் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம் தாண்டி, கேளம்பாக்கத்தில் இறங்கும்போது தலைமுடியில் ஒரு பிடி மண் இருக்கும். அதைத் தட்டிவிட்டு, போன், பேனா, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஊர்பேர் தெரியாத யார் யாரோ தங்கள் கடிதங்களைப் படிக்கச் சம்மதித்துக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. மெயிலைத் திறந்ததும் முதல் வேலை, அதிலுள்ள பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைப்பது. அதனால்தானோ என்னவோ, அந்த நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றும் யார் பெயரையும் எழுத எனக்குக் கை வருவதில்லை. அவரை அவர் என்றே சொல்கிறேன்.

அவர் என் ஜோடி. முறைத்துப் பார்க்காதீர்கள், ஆபீஸில் வைத்த பெயர் அது. ஒரே கட்டு மெயிலை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் தட்டி உண்டு. நாங்கள் தனித்தனியாகக் குறித்து முடித்ததும், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்த மெயில்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியல் போடும். மத்தியானம் மூன்று மணிக்கு ஜோடி இரண்டு பேரும் ஜன்னலோரம் இருந்த தனி கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பட்டியலைப் பேசித் தீர்க்க வேண்டும். அரை மணி நேரம். பேசியும் தீராததை டீம் லீடர் தீர்ப்பார். இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் பஞ்சாயத்து என்போம்.

பஞ்சாயத்தில் ஒரு விதி இருந்தது. யார் என்ன போட்டோம் என்பதைத் திரை காட்டாது. மெயில் மட்டும்தான் தெரியும். காட்டினால் ஆளாளுக்குத் தான் போட்டதே சரி என்று வீம்புக்கு நிற்பார்கள், மறைத்துவிட்டால் புதிதாக யோசிப்பார்கள் என்று டீம் லீடர் அக்கா சொல்வார். கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர், அதனால் யோசித்துத்தான் செய்திருப்பார். அந்த ஒரு விதி என் வாழ்க்கையில் இவ்வளவு விளையாடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் ஜோடி கோவளத்துக்காரர். அப்பாவுக்கு அங்கே படகு எஞ்சின் ரிப்பேர் பண்ணும் பட்டறை. தொழுகைக்கு நேரம் தவறாத வீடு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருக்கக் காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரியாவது இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காமல் இருப்பீர்கள்.

முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சண்டை வந்துவிட்டது. பட்டியலில் ஒரு மெயில். "உங்களைச் சந்தித்ததிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்." அவ்வளவுதான். கீழே ஒரு பெயர், மறைக்கப்பட்டிருந்தது. இந்த மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் பணம் பிடுங்குகிற கூட்டத்தைப் பற்றி எங்களுக்குப் பாடமே நடத்தியிருந்தார்கள்.

"மோசடி" என்றேன்.

"எப்படிங்க சொல்றீங்க? பணமா கேட்டுது? லிங்க் இருக்குதா? ஒண்ணும் இல்லையே."

"அடுத்த மெயில்ல கேக்கும்."

"அடுத்த மெயில் நம்மகிட்ட இல்லையே. கையில இருக்கறதை வெச்சுத்தானே சொல்லணும்." அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. தாழ்ந்த குரலில், ஆனால் விடாமல் பேசுவார். "எல்லாத்தையும் மோசடின்னு போட்டுட்டா, நெசமா எழுதறவங்க எப்படிங்க எழுதுவாங்க?"

"நெசமா எழுதறவங்க நேர்ல வந்து சொல்லுவாங்க."

"எல்லாருக்கும் அந்த தைரியம் இருக்கும்ங்களா?"

அரை மணி நேரமும் அந்த ஒரு மெயிலிலேயே போய்விட்டது. கடைசியில் அக்காவிடம் போனோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் "மோசடி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று சீட்டுக்குத் திரும்பினேன். சாயங்காலம் பஸ்ஸில் மாம்பாக்கம் வரைக்கும் அந்த மனிதர் கேட்டது காதிலேயே இருந்தது. எரிச்சலாக வந்தது. தாம்பரத்தில் இறங்கும்போதுதான் அது எரிச்சல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் நாள் என்றால் எனக்கு மூன்று மணிதான். காலையில் பூவை நேராக வைத்தேனா என்று கண்ணாடியில் இரண்டு தடவை பார்ப்பது மூன்று மணிக்காக. மத்தியானச் சாப்பாட்டில் வெங்காயத்தை ஒதுக்கியது மூன்று மணிக்காக. ஜன்னலுக்கு வெளியே கோவளம் போகிற ரோடும், உப்பங்கழியும், அதன் ஓரத்தில் வெள்ளையாகக் குவித்த உப்பும் தெரியும். வெயில் அடித்தால் கண் கூசும். அவர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுத்தான் உட்காருவார். அந்த ஒரு சாணை நான் எத்தனை தரம் அளந்திருப்பேன்!

முதலில் பட்டியல் நீளமாக இருந்தது, பத்து, பதினைந்து மெயில். விதிகள் புதிது, பேசுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் தினமும் பேசினால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பார்க்கத் தெரிந்துவிடும் இல்லையா? பட்டியல் பத்திலிருந்து ஐந்துக்கு வந்தது. டிசம்பரில் மூன்றாகிவிட்டது. அரை மணி நேரப் பஞ்சாயத்து ஐந்து நிமிஷத்தில் முடிய ஆரம்பித்தது. அக்கா எங்களைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த அன்று ஒரு டப்பா கல்கல் கொண்டுபோனேன். உள்ளே சாப்பாட்டுப் பண்டம் கூடாது என்பதால் லாக்கர் அறையில் எல்லாருக்கும் கொடுத்தேன். அவர் இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடறதுக்குக் குடுத்தேன், சேத்து வெக்கறதுக்கில்ல."

"வூட்டுக்குப் போய் சாப்பிடறேன்" என்றார். படித்த பையனாகப் பேசிக்கொண்டே இருப்பவரிடமிருந்து எப்போதாவது இப்படி ஒரு வூடு எட்டிப் பார்க்கும். அதற்கும் நான் காத்திருப்பேன்.

அன்றைக்குப் பட்டியலில் நான்கு மெயில் இருந்தது. அடுத்த நாளும் நான்கு. அதற்குமேல் குறையவில்லை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட ஜெபத்தையெல்லாம் அவர் கேட்பாரா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

நான்கு எனக்குப் போதவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை, வழுக்கையில் முடி வளர்க்கும் மருந்து என்று ஒரு விளம்பர மெயில் வந்தது. குழந்தைகூடக் குப்பை என்று சொல்லிவிடும். என் விரல் குப்பைக்கான இரண்டாம் பொத்தானுக்கு மேலே போய், நின்று, திரும்பி வந்து முதல் பொத்தானை அமுக்கியது. நல்லது. மூன்று மணிக்கு அது பட்டியலில் வந்து நின்றது. திரையில் அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "குப்பை" என்றோம். ஒரு நொடியில் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு நொடிக்காக நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்த பிறகு உடனே எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்?

அப்புறம் தினமும் நான்கைந்து மெயிலைத் தப்பாகப் போட ஆரம்பித்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இயந்திரத்துக்கு நாங்கள் பொய்யைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்தில் எல்லாவற்றையும் சரியாக்கித்தான் அனுப்பினோம். பொய் இரண்டு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும்.

பட்டியல் பத்தைத் தாண்டியது. முக்கால்வாசி, பார்த்தவுடனே தெரிகிற மெயில்கள். லாட்டரியில் ஜெயித்துவிட்டீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைப் பூட்டப்போகிறோம், இங்கே அமுக்குங்கள். எதெல்லாம் நான் வேண்டுமென்றே போட்டது என்று எனக்கே நினைவிருக்காது. எல்லாம் என் வேலைதான் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாக வந்து நிற்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்னும். இந்தப் பெண்ணுக்கு மண்டையில் ஒன்றுமே இல்லையா என்று நினைப்பாரோ? கண்டுபிடித்துவிட்டிருப்பாரோ? ஓரக்கண்ணால் பார்த்தால் அவரும் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். என்னைச் சங்கடப்படுத்த விரும்பாமல்தான் குனிகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

விறுவிறுவென்று பட்டியலை முடித்துவிட்டு மிச்ச நேரம் பேசுவோம். பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு மிக அருகில். ரயில் சத்தம் இல்லாத ஊரில் எனக்குத் தூக்கம் வராது என்று ஒருநாள் சொன்னேன்.

"எனக்கு அலை சத்தம் வேணும்" என்றார். "காலேஜ் ஹாஸ்டல்ல முதல் மாசம் தூங்கவே இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் சத்தம் இல்லாம தூங்க முடியாத கேஸு."

சிரித்தார். சிரித்துவிட்டு, "ரயில் சத்தத்துல எனக்குத் தூக்கம் வருமான்னு பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உப்புக் குவியலைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஆபீஸில் எங்களுக்குக் கிடைத்த பெயர் வேறு. எலியும் பூனையும். வேறு எந்த ஜோடிக்கும் இவ்வளவு நீளமான பட்டியல் இல்லை. கீழே டீக்கடைக்காரர்கூட அவரைப் பார்த்தால், "இன்னா சார், அந்தம்மாவோட இன்னிக்கும் பேஜாரா?" என்று கேட்பார். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது. சண்டைக்காரர்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மார்ச் மாதம் அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருநாளும் ஒத்துப்போகவே மாட்டீங்களா? இனிமே ஜாதகம் பாத்துத்தான் ஜோடி போடணும் போல இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முகம் மாறியது. "கஸ்டமர் கேக்கறாங்க. இந்த ஜோடியோட டேட்டாவை நம்பலாமா வேணாமான்னு. இந்த ஒரு வாரம் பாப்பேன். குறையலன்னா ஆளை மாத்திடுவேன்."

தப்பெல்லாம் என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் என்று பெயரெடுத்த நான் அன்று அக்காவின் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் தப்பாகப் போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவரும் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறார் என்று நினைத்தேன். அந்த நன்றியில் இன்னும் கொஞ்சம் உருகிப்போனேன்.

அந்த வாரம் ஒரு மெயில் விடாமல் நேர்மையாகப் போட்டேன். ஒன்றுக்கு இரண்டு முறை படித்து, விதியை நினைத்து, இவர் என்ன போடுவார் என்றும் யோசித்துப் போட்டேன். ஜோடியைக் காப்பாற்றியாக வேண்டும். திங்கள் பட்டியல் காலி. செவ்வாயும் காலி. மூன்று மணி ஆனால் தட்டிக்கு மேலே அவர் தலை தெரியும். உதட்டைப் பிதுக்கிக் கையை விரிப்பார். ஒன்றும் இல்லை. நானும் கையை விரிப்பேன். ஜன்னலோரம் நாற்காலி இரண்டும் சும்மாக் கிடந்தன. புதனும் வியாழனும் அப்படியே போயின.

வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று வந்தது. போய் உட்கார்ந்தோம். அந்த மெயிலில் இரண்டே வார்த்தை. "நீ வருவாயா?" யாரிடமிருந்து யாருக்கு என்பது மறைக்கப்பட்டிருந்தது. தலைப்பு இல்லை, லிங்க் இல்லை. இதில் நல்லதைக் கண்டுபிடிப்பதா, மோசடியைக் கண்டுபிடிப்பதா?

"அவசரமில்ல" என்றார் அவர். "அரை மணி நேரம் இருக்கு."

அரை மணி நேரமும் இருந்தோம். ஒரு சாண் தூரத்தில். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோவளம் ரோட்டில் பஸ் ஒன்று போனது, அப்புறம் ஒரு மீன் லாரி போனது.

"பதில் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலையே."

"நீங்களா இருந்தா?"

இதற்கு ஒரு வார்த்தை போதும். எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா சர்ச் வாசலில் நிற்பது கண்ணில் வந்தது. அவர் அம்மாவை நான் பார்த்ததில்லை, அந்த அம்மாவும் கண்ணில் வந்தார். "யார் கேக்கறாங்கன்னு தெரியாம எப்படி பதில் போடறது?" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைப்பு வேறு.

"அதுவும் சரிதான்" என்றார். அவரே பொத்தானை அமுக்கினார். நல்லது என்று.

திங்கட்கிழமை அக்கா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. ஐந்து நாளில் ஒரே ஒரு வித்தியாசம். கணக்கு டீச்சர் அல்லவா, அதை நம்பவில்லை. நேர்மையாகக் குறிக்கிற எந்த இரண்டு பேருக்கும் இவ்வளவு ஒற்றுமை வராது என்றார். "பரிட்சையில பக்கத்துப் பையன் பேப்பரைப் பாத்து எழுதினாத்தான் இப்படி வரும். ஒருத்தர் ஸ்க்ரீனை ஒருத்தர் பாத்தீங்களா?"

"இல்லக்கா" என்றோம். ஒரே நேரத்தில் சொன்னோம். அதுவும் எங்களுக்கு எதிராகப் போய்விட்டது.

தினம் பத்துத் தடவை முரண்பட்டபோது பொறுத்துக்கொண்டவர்கள், மனசறிந்து ஒத்துப்போன வாரத்தில் எங்களைப் பிரித்தார்கள். அவரைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். இரண்டு மணிக்கு அவர் வேலை முடிந்துவிடும். எனக்குப் புதிதாக வந்த ஜோடி நல்ல பெண், பெருங்களத்தூர்க்காரி. மூன்று மணிக்கு அவளோடு ஜன்னலோரம் உட்காரும்போது கீழே ரோட்டைப் பார்ப்பேன். அவர் எப்போதோ போயிருப்பார்.

படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன்" என்பேன். பட்டியல் இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. சில மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடைசி நாள் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை கொடுத்தோம். நான் என் பெயரை மட்டும் எழுதினேன்.

அடுத்த டிசம்பரில் அவருடைய கல்யாணப் பத்திரிகை டீம் முழுவதுக்கும் சேர்த்து ஒன்றாக வந்தது. சனிக்கிழமை நிக்காஹ், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து. விருந்துக்கு ஆபீஸே வேன் பிடித்துப் போவதாக ஏற்பாடு. நான் வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வருகிறேன் என்றேன்.

அந்தக் கல்யாண வாரத்தில்தான் எங்கள் திட்டமும் முடிந்தது. மொத்தத் தரவையும் ஒழுங்குபடுத்தி அனுப்பும் வேலை, பழைய ஆள் என்பதால், என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்த ஃபைலைத் திறந்தேன். ஒரு வரிசைக்கு ஒரு மெயில். பக்கத்தில் தேதி, முதல் ஆள் போட்டது, இரண்டாம் ஆள் போட்டது, பஞ்சாயத்தில் தீர்ந்தது. கஸ்டமருக்குப் பஞ்சாயத்தில் தீர்ந்த அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் போதும். நடுவிலிருக்கும் இரண்டையும் அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். இவ்வளவு நாள் திரை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

எங்கள் ஜோடியின் பக்கத்துக்கு வந்தேன். முதல் ஆள் நான். நான் செய்த தப்புகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தேன். அந்த முடி வளர்க்கும் மருந்து இருந்தது. நல்லது என்று போட்டிருந்தேன். அதற்குக் கீழே வங்கிக் கணக்கைப் பூட்டப்போகும் மெயில். அதில் நான் மோசடி என்றுதான் போட்டிருந்தேன், சரியாக. இரண்டாம் ஆள் போட்டிருந்தது நல்லது.

கை தவறியிருக்கும் என்று கீழே போனேன். மாத்திரை விளம்பரம், நான் சரி, அவர் தப்பு. கடன் தருகிறோம், நான் சரி, அவர் தப்பு. அடுத்தது நான் தப்பு, அவர் சரி. தினமும் எனக்கு நான்கு என்றால் அவருக்கும் நான்கு. பதினாறு பேரில் அவரைப்போல நிதானமாகப் படிக்கிற ஆள் கிடையாது. குழந்தைகூடச் சொல்லிவிடும் மெயில்களில் அந்த ஆள் எப்படித் தவறுவார்? தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது என்னைப் பார்த்து இல்லை. எல்லாம் தன் வேலைதான் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கே ஆரம்பித்தது என்று மேலே தேடிக்கொண்டு போனேன். பொங்கலுக்கு முன்னாலும் இருந்தது. அவருடைய முதல் தப்பு, நான் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கல்கல் டப்பாவோடு வந்த அன்று. நீங்கள்தான் அந்த அதிர்ஷ்டசாலி என்று ஆரம்பிக்கிற லாட்டரி மெயில். நல்லது என்று போட்டிருந்தார்.

எனக்கு மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறார். நான் கர்த்தரிடம் கேட்டு வாங்கியதாக நினைத்த அந்த நான்கு மெயில்.

பேனா இல்லை, பேப்பர் இல்லை, போன் லாக்கரில். எதையும் எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. அவர் எனக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று உண்டென்றால் அது இரண்டாம் ஆளின் அந்தக் கட்டம்தான். படித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் அக்கா வந்து, "முடிஞ்சுதா?" என்றார். "இதோ" என்று இரண்டு கட்டத்தையும் அழித்தேன். அழிக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன்.

சாயங்காலம் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் நின்றேன். கோவளம் பஸ் நின்றுகொண்டிருந்தது. "கோவளம், கோவளம், ஏறும்மா, சீட்டு கீது" என்று கண்டக்டர் கூப்பிட்டார். அரை மணி நேரம்கூட ஆகாது. நாளை நிக்காஹ். பந்தல் போட்டிருப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், எங்கேயோ ஒரு பெண் கையில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படிக்கட்டுக் கம்பியில் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். பஸ் கிளம்பிப் போனது. பின்னாலேயே தாம்பரம் பஸ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேனில் கோவளம் போனோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பந்தி. பெண்கள் பக்கம் மணப்பெண்ணைப் பார்க்க அழைத்துப்போனார்கள். சின்ன முகம், பெரிய கண். ஆபீஸ்காரர்கள் என்றதும் எழுந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு அக்காவோட ஒருநாளும் ஒத்துப்போனதே இல்லன்னு சொன்னாரு. நீங்கதானா அது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"ரொம்ப சண்டை போடுவாரா?"

"இல்லம்மா. நல்லவர்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

விருந்து முடிந்து வெளியே வரும்போது வாசலில் நின்று எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வேனில் ஏறப் போனார்கள். நான் கடைசி.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நல்லா இருந்துது."

"ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுன்னாங்க."

"வெள்ளிக்கிழமை அனுப்பியாச்சு. நான்தான் க்ளீன் பண்ணேன்." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனுஷனுக்கு நேற்றுத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. க்ளீன் பண்ணுவது என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப பாத்திருப்பீங்க" என்றார். தரையைப் பார்த்தார். பஞ்சாயத்தில் குனிவாரே, அதே குனிவு. "மன்னிச்சிடுங்க. என்னாலதான் உங்க பேரும் சேந்து கெட்டுச்சு. அந்தத் தப்பெல்லாம் நான்…"

"எல்லாம் இல்ல" என்றேன். "பாதி என்னோடது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சாண் தூரம் இருக்கும். உள்ளேயிருந்து போட்டோ எடுக்க யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று தலையாட்டிவிட்டு நான் நடந்தேன்.

வேனில் அக்கா எனக்காக ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். வண்டி உப்பங்கழிப் பாலத்தில் ஏறியதும் என் தோளை இடித்தார்.

"வாசல்ல என்ன அவ்வளவு நேரம்? இன்னிக்காவது ரெண்டு பேரும் ஒத்துப்போனீங்களா?"

"போயிட்டோம்க்கா" என்றேன்.